மாமனார் காட்டிய இடத்தில் வலி

திருகோணமலைக்காரர்கள் என்னைக் கால்பந்து நடுவராக அழைத்ததற்கு ஒரே காரணம், எனக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது என்பதுதான். விளையாட்டு தெரியுமா என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

துறைமுகத் தொழிலாளர் அணிக்கும் பக்கத்து ஊரான கிண்ணியாவின் அணிக்கும் இறுதி ஆட்டம். முந்தைய வருடம் உள்ளூர்க்காரர் ஒருவர் விசில் ஊதியிருக்கிறார். ஆட்டம் முடிந்து சைக்கிளைத் தேடினால் அது இடுப்பளவு கடல் தண்ணீரில் நின்றுகொண்டிருந்ததாம். இனிமேல் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் நடுவர் என்று இரண்டு தரப்பும் தீர்மானித்துவிட்டன. அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. போட்டிச் செயலாளர் தங்கராசா துறைமுகக்காரர்; அவருக்கு என் சித்தப்பா மகனைத் தெரியும். நான் அப்போது நாகப்பட்டினத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் மாஸ்டர். வசமாக அகப்பட்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. அங்கே மாவுக்கும் சீனிக்கும் பெரும் தட்டுப்பாடு. கப்பலிலும் ரயிலிலும் நான் பட்ட பாட்டைச் சொல்ல ஆரம்பித்தால் திருகோணமலை வந்து சேராது. ஆகவே நேராகத் தங்கராசா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிடுகிறேன்.

குழல் புட்டு, தேங்காய்ப்பால் சொதி, சூடை மீன் பொரியல். நம் ஊரில் புட்டை உதிர்த்துச் சர்க்கரை போட்டுச் சாப்பிடுவோம். இங்கே மீனோடு சேர்த்துப் பிசைகிறார்கள். முதல் கவளத்தில் திகைத்தேன், இரண்டாவதில் மதம் மாறினேன். மூன்றாவது கவளம் வாய்க்குப் போகும் வழியில் தங்கராசா சொன்னார்:

“மாஸ்டர், ஒரு துக்கமான செய்தி. எங்கட சென்டர் போர்வேர்ட் யோகனை வெள்ளிக்கிழமை வெட்டப் போறாங்கள்.”

கவளம் சொதிக்குள் விழுந்தது.

“யார் வெட்டப் போகிறார்கள்? கிண்ணியாக்காரர்களா?”

“சீச்சீ, டொக்டர். ஒப்பரேசன். அவனுக்கு ஹெர்னியாவாம்.” தங்கராசா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “குடலிறக்கம்.”

பெண்கள் காதில் விழக்கூடாத சொல் போலிருக்கிறது. நானும் குரலைத் தாழ்த்தி, “அடடா” என்றேன். சொல்லப்போனால் எனக்கும் கிட்டத்தட்ட அந்தப் பிரதேசத்தில்தான் ஒரு வருடமாக ஒரு தொந்தரவு. தொடையும் வயிறும் சந்திக்கிற மடிப்பில் ஒரு கடுப்பு. ஓடினால் வரும், படுத்தால் போகும். நான் அதற்குச் சுளுக்கு என்று பெயர் வைத்திருந்தேன். ஊரில் டாக்டரிடம் போனபோது என் மனைவியும் கூட வந்தாள். அறையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் அவளே, “இவருக்கு இடுப்புப் பிடிச்சிருக்குங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டாள். டாக்டர் என் முதுகில் பெரிய பிளாஸ்திரி ஒன்றை ஒட்டி அனுப்பினார். வலி முன்பக்கம், பிளாஸ்திரி பின்பக்கம். ஒரு மாதம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலே காலம் தள்ளின.

மறுநாள் காலை தங்கராசா என்னைத் துறைமுகம் காட்ட அழைத்துப் போனார். அவருடைய சைக்கிளில் பின்சீட் கழன்றுபோயிருந்ததால் முன்கம்பியில் உட்காரச் சொன்னார். என் மாதிரி வலி உள்ளவன் சைக்கிளின் முன்கம்பியில், அதுவும் டொக்யாட் வீதிப் பள்ளங்களில் போவது என்ன மாதிரி அனுபவம் என்பதை எதிரிக்கும் விளக்க மாட்டேன். போதாததற்கு ஒரு திருப்பத்தில் மான் கூட்டம். ஆமாம், மான்தான். நம் ஊரில் மாடு படுத்திருக்கிற மாதிரி இங்கே நடுத்தெருவில் மான்கள் நிற்கின்றன. அவற்றைப் பார்த்து வாயைப் பிளந்தது நான்; பிரேக் பிடித்தது தங்கராசா; கம்பியில் முன்னால் சரிந்து ‘அம்மா’ என்று அலறியதும் நான்தான். மான்கள் என்னை அதிர்ச்சியோடு பார்த்தன.

துறைமுகத்தைப் பார்த்ததும் வலி மறந்தது. அது கடல் மாதிரியே இல்லை. மலைகளுக்கு நடுவே யாரோ கொண்டுவந்து வைத்த பெரிய ஏரி மாதிரி அசையாமல் கிடந்தது. நடுவில் ஒரு கப்பல். அதை நோக்கித் தட்டைப் படகுகள் தேயிலைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு போயின. கரையில் பெட்டிகளை வீட்டு உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அதன் நிழலில் ஒரு தேநீர்க் கடை. அங்கே சீனி இல்லை. உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு வெறும் தேநீரைக் குடித்தோம். முதுகுக்குப் பின்னால் உலகத்துக்கே போதுமான தேயிலை, கையில் எலி கடித்த அளவுக்குப் பனங்கட்டி.

யோகன் அங்கேதான் இருந்தான். நல்ல உயரம், இருபத்தைந்து வயது இருக்கும். பெட்டி சுமக்காமல், சுமக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் வெள்ளை வேட்டியும் திருநீறுமாக ஒரு பெரியவர். அவனுடைய மாமனார் கந்தையா. மருமகனுக்கு உடம்பு முடியவில்லை என்றதிலிருந்து அவனை விட்டு நகர்வதில்லையாம்.

“எப்படி இருக்கிறது தம்பி?” என்று யோகனைக் கேட்டேன்.

“அவருக்கு அடிவயித்துக்குள்ளை நோ,” என்றார் கந்தையா.

“ரொம்ப நாளாகவா?”

“மாரிக்குப் பிறகு துவங்கினது,” என்றார் கந்தையா.

“ஓடும்போது வலிக்கிறதா, உதைக்கும்போதா?”

யோகன் வாயைத் திறந்தான். “பாரம் தூக்கேக்க,” என்றார் கந்தையா. யோகன் வாயை மூடிக்கொண்டான்.

பெரியவர் வெற்றிலை வாங்கக் கடைப் பக்கம் திரும்பியதும் யோகன் ஒரு எட்டு என் பக்கம் வந்தான்.

“மாஸ்டர், ஒப்பரேசன் பயமில்லை. ஆனா நான் இஞ்ச நாள் கூலிக்கு நிக்கிறவன். இந்த வருசம் நிரந்தரமாக்குறம் எண்டு கங்காணி சொல்லியிருக்கிறார். ஹெர்னியா எண்டு ஒருக்கா பேர் விழுந்தா பிறகு ஆரும் பாரம் தூக்க விடமாட்டாங்கள். போன வருசம் ஒரு அண்ணைக்கு அப்பிடித்தான். இப்ப அவர் சந்தையில கருவாடு விக்கிறார். என்ர மனிசி வேற பிள்ளைத்தாய்ச்சி.”

“நீ டாக்டரிடம் சொல்ல வேண்டியதுதானே?”

“என்னத்தைச் சொல்லுறது? மாமா எல்லோ கதைச்சவர்.”

“வலி அடிவயிற்றில்தானா?”

அவன் கடைப் பக்கம் பார்த்தான். மாமனார் திரும்பிக்கொண்டிருந்தார். “ஓம் மாஸ்டர். அடிவயிறுதான்,” என்று உரக்கச் சொன்னான். சொல்லும்போது அவன் கை மட்டும் வேட்டி மடிப்புக்குக் கீழே, தொடையின் உள்பக்கம் போய்த் திரும்பியது.

எனக்கு முதுகில் ஒட்டிய பிளாஸ்திரி ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் கிண்ணியா. இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நடுவர் ஒரு அணியின் வீட்டில் சாப்பிட்டால், மறு அணியின் வீட்டிலும் சாப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் விசில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்று அங்கே எல்லாரும் நம்புகிறார்கள். நான் துறைமுகக்காரர் வீட்டில் புட்டுத் தின்ற செய்தி எனக்கு முன்னாலேயே தண்ணீரைத் தாண்டிப் போயிருந்தது. கிண்ணியா அணித் தலைவர் மஜீத் என்னை அழைத்துப்போக அக்கரையிலிருந்து வந்திருந்தார்.

“பாதையில போவம் மாஸ்டர்,” என்றார். நடக்கப் போகிறோம் என்று வேட்டியை மடித்துக் கட்டினேன். பார்த்தால், பேருந்தையும் லாரியையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு தண்ணீரில் மிதக்கிற பெரிய பலகைத் தட்டுக்குத்தான் அங்கே பாதை என்று பெயர். நடுவழியில் அது நின்றுவிட்டது. ஒரு ஆடு தண்ணீருக்குள் குதித்துக் கரையேறிப் போய்விட்டது. மனிதர்கள் யாரும் பதறவில்லை. ஒருவர் பீடி பற்றவைத்தார். “பயப்படாதீங்க,” என்றார் மஜீத், “இது நின்டா கொஞ்சத்தால போகும். போனாத்தான் எங்க நிக்கும்டு தெரியாது.”

மஜீத் வீட்டுச் சாப்பாட்டை வர்ணித்தால் நடுநிலை கெட்டுவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அரிசித் தட்டுப்பாடு என்று ஊரெல்லாம் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த காலத்தில், எனக்கு எதிரில் ஒரு சகனில் சோறு மலையாக வந்து உட்கார்ந்தது. சுற்றி உட்கார்ந்து எல்லாரும் ஒரே தட்டில் கை வைத்தோம். உச்சியில் கணவாய்ப் பொரியல். துறைமுகத்துப் புட்டு சமன் செய்யப்பட்டது. இன்னும் சற்று முன்னே போய்விட்டது என்றுகூடச் சொல்லலாம்.

சாப்பிட்டு எழுந்திருக்கும்போது என்னை அறியாமல் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். மஜீத் பார்த்துவிட்டார்.

“என்ன மாஸ்டர், ஒங்களுக்கும் அந்த வருத்தமா?”

“எந்த வருத்தம்?”

மஜீத் உள்ளே எட்டிப் பார்த்து, வாசலுக்கு வந்து, என்னை வேலியோரம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நின்று, “கவட்டுக்குள்ள,” என்றார். அதைச் சொல்ல அவருக்கு அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது.

“பந்தடிக்கிற ஆக்களுக்கு எல்லாருக்கும் வாறதுதானே! எனக்கு வந்த நேரம் வாப்பா வைத்தியர்ட்ட கூட்டிட்டுப் போனாரு. வாப்பா சொன்னாரு, மகனுக்கு முழங்காலுல நோவுண்டு. முழங்காலுக்கு ஒரு மாசம் எண்ண பூசினாங்க. சொகம் இல்ல. பொறகு காக்கா கூட்டிட்டுப் போனாரு. காக்கா சொன்னாரு, வயிறு ஊதியிருக்குண்டு. அதுக்குப் பேதி மருந்து தந்தாங்க. ரெண்டு நாள் நான் கிணத்தடியை விட்டு வரல்ல.”

“நீங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை?”

மஜீத் என்னை விநோதமாகப் பார்த்தார். “வாப்பா பக்கத்துல நிக்கக்க நான் எப்பிடி மாஸ்டர் அந்த இடத்தச் சொல்லுற?”

அதிர்ச்சியில் வேலிக்கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த வலிக்கு மருத்துவம் பெயர் வைப்பதில்லை. கூடப்போகிற ஆள்தான் வைக்கிறார். நோயாளி பேசக்கூடாது, பெரியவர்தான் பேச வேண்டும். பெரியவருக்கோ அந்த இடத்தின் பெயர் வாயில் வராது. ஆகவே அவரவர் மரியாதைக்குத் தக்கபடி வலியைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்த்தி வைக்கிறார். அப்பா முழங்காலுக்கு இறக்கினார். அண்ணன் வயிற்றுக்கு ஏற்றினார். என் மனைவி முதுகுக்கே கடத்திவிட்டாள். கந்தையா வைத்த இடமோ அடிவயிறு. அங்கே கத்தி இருக்கிறது.

“மஜீத், யோகனுக்கும் இதேதான்,” என்றேன். “நாளைக்கு மறுநாள் அவனை வெட்டப் போகிறார்கள்.”

“அல்லாஹ்வே! அப்ப போய்ச் சொல்லுங்களேன். அவன் இல்லாம நாங்க வெண்டா ஆரு மதிக்கப் போற? நொண்டிட்ட வெண்ட மாதிரி.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா சொகமாக்கி எங்களுக்கு எதிரா எறக்கிப்போடாதீங்க. அதுக்கு நான் இன்னொரு சகன் வைக்க ஏலாது.”

அன்று சாயங்காலமே கந்தையாவைப் போய்ப் பார்த்தேன். டாக்டரிடம் இந்த முறை நான் கூடப் போகிறேன், நான் வெளியூர்க்காரன், எனக்கு வெட்கம் கிடையாது என்று பெருமையடித்தேன். அவர் வெற்றிலையைக் கன்னத்துக்கு ஒதுக்கினார்.

“நான் பொய் சொல்லேல்லை தம்பி,” என்றார். “அதுக்குக் கிட்டடியில சொல்லக்கூடிய இடம் அடிவயிறுதான். மகளின்ர புருசனைப் பற்றி நாலு பேருக்கு முன்னால வேற எப்பிடிக் கதைக்கிறது?” அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. “நான் சொன்னதாலயோ அவரை வெட்டுறாங்கள்?”

“காலையில் பார்த்துக்கொள்ளலாம் ஐயா,” என்றேன். அவர் தலையாட்டினார். அவர் அன்று திருநீற்றைப் பூசாமலே படுத்துவிட்டார் என்று யோகன் பிறகு சொன்னான்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி. மனதுக்குள் வசனத்தைப் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். காலர் பொத்தானைத் திறந்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மிஸ்ஸி. நம் ஊரில் நர்ஸ் என்போம். சுவரோரப் பெஞ்சில் குழந்தைகளோடு ஒரு வரிசைப் பெண்கள். எல்லாரும் ஒரே அறை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். யோகன் எனக்குப் பின்னால் தூண் மாதிரி நின்றான்.

“என்ன விசயம்?” என்றார் டாக்டர்.

நான் ஒத்திகை பார்த்த வசனம் முழுவதும் தொண்டைக்குள் இறங்கிப் போயிற்று. “இவருக்கு டாக்டர்... வலி வந்து... வயிற்றில் இல்லை. அதற்குக் கொஞ்சம்... தெற்கே.”

“தெற்கே எண்டா மூதூரோ?”

மூதூர் என்பது குடாவுக்குத் தெற்கே ஒரு ஊர். பெஞ்சில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மரியாதைக்காரர் என்று கந்தையாவைக் கேலி செய்தவன் நான். இப்போது என் நாக்கே அடிவயிறு, இடுப்பு, முழங்கால் என்று நல்ல இடங்களாகத் தேடி அலைந்தது. சொல் வராத ஆத்திரத்தில், “இதோ பாருங்கள் டாக்டர், இங்கே!” என்று என் உடம்பிலேயே விரலை வைத்துக் காட்டிவிட்டேன். பெஞ்சு முழுவதும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பியது.

டாக்டர் பேனாவை வைத்தார். “அவற்ர நோ உங்களுக்கு எப்பிடி இவ்வளவு திருத்தமாத் தெரியும்?”

“எனக்கும் அதேதான் டாக்டர்.”

“ஆ, அப்பிடியோ!” அவர் எழுந்து திரைத்துணியை இழுத்துவிட்டார். “ரெண்டு பேரும் உள்ளுக்கு வாங்கோ. மாமா, மனிசி, ஆரும் வேண்டாம். தம்பி, முதலில நீர். வாய் திறந்து சொல்லும். இஞ்ச ஆம்பிளையள் மட்டும்தான்.”

திரைக்குள்ளே யோகன் அவிழ்த்துவிட்ட மூட்டை மாதிரி கொட்டினான். பந்தைக் குறுக்கே உதைத்தால் வலி, திடீரென்று திரும்பினால் வலி, காலை அகட்டினால் வலி, தொடையின் உள்பக்கம். டாக்டர் அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால்களை மடக்கச் சொல்லி, நடுவில் தன் முஷ்டியை வைத்து, “நெரியும்,” என்றார். யோகன் நெரித்தான். பெஞ்சுக் குழந்தைகள் எல்லாம் ஒன்றாக அழுகிற மாதிரி ஓர் அலறல் வந்தது.

“இதுதான்,” என்றார் டாக்டர். “தொடையின்ர உள்பக்கத் தசை எலும்பில வந்து ஒட்டுற இடம்.” அப்புறம் பெருமூச்சு விட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். “போன முறை மாமா சொன்னார், அடிவயிறு நோகுது, பாரம் தூக்கினா நோகுது எண்டு. நான் கை வைச்சுப் பாத்தன், ஒண்டும் தட்டுப்படேல்லை. ஆனா கதை ஹெர்னியாக் கதை. வெளியில தெரியாத ஹெர்னியா எண்டு முடிவெடுத்திட்டன். நான் வெட்டுற டொக்டர் பாருங்கோ, எனக்கு எல்லாம் வெட்டுறதாத்தான் தெரியும்.”

“அப்படியானால் இதற்குச் சரியான பெயர்தான் என்ன டாக்டர்?”

“அதைத்தான் கேக்காதேங்கோ. பந்தடிக்கிறவனுக்கு இந்த இடத்தில நோ வந்தா எங்களுக்குள்ளயே ஒரு பேர் இல்லை. எலும்பு டொக்டரிட்டப் போனா எலும்பு அழற்சி எண்டுவார். மூத்திர வருத்தம் பாக்கிறவர் வேற சொல்லுவார். நான் ஹெர்னியா எண்டுவன். நோ ஒண்டு, ஆர்ட்டப் போறியள் எண்டதைப் பொறுத்துப் பேர். அதுக்கு மேல கூட வாறவர் ஒரு பேர்.”

எனக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. உலகத்தில் டாக்டர்களுக்காவது எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

“தம்பிக்கு ஒப்பரேசன் வேண்டாம்,” என்றார் டாக்டர். “கொஞ்சக் காலம் பந்தைத் தொடாமல், பாரம் தூக்காமல் இருக்கோணும். துறைமுகத்தில இருந்து செய்யிற வேலை தரச் சொல்லி எழுதித் தாறன். தசை இழுப்பு எண்டு எழுதுறன். அதுக்கு ஆரும் வேலையால நிப்பாட்ட மாட்டினம்.”

யோகன் எழுந்து உட்கார்ந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். “ஐயா, பைனல்?”

“பைனலைப் பாக்கலாம். கதிரையில இருந்து.”

நான் வெற்றிப் பெருமையோடு திரையை விலக்கப் போனேன். “மாஸ்டர், எங்க போறியள்? படுங்கோ,” என்றார் டாக்டர்.

சிரித்துக்கொண்டே படுத்தேன். முஷ்டியை நெரித்தேன். வலிக்கவில்லை. “பார்த்தீர்களா, டிரில் மாஸ்டர் உடம்பு!” என்றேன். டாக்டர் முஷ்டியை எடுத்துக்கொண்டார். எழுந்து நிற்கச் சொன்னார். நான் விரல் வைத்துக் காட்டிய அதே இடத்தில் அவருடைய விரலை வைத்தார்.

“இருமுங்கோ.”

இருமினேன்.

“இன்னொருக்கா.”

இருமினேன். டாக்டரின் முகத்தில் ஒரு புன்னகை மெதுவாக மலர்ந்தது. அந்த மாதிரிப் புன்னகையை, தூண்டிலில் பெரிய மீன் இழுக்கும்போது நாகப்பட்டினத்துக் கரையில் பார்த்திருக்கிறேன்.

“தம்பி, நீரும் வந்து தொட்டுப் பாரும். ஹெர்னியா எண்டா இதுதான்,” என்று யோகனைக் கூப்பிட்டார். “மாஸ்டர், குடல் வாசலில வந்து நிண்டு கதவைத் தட்டுது. எத்தினை நாளா?”

“ஒரு வருடம்,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. “முதுகில் பிளாஸ்திரி போட்டார்கள்.”

“முதுகிலயோ? கூடப் போனது ஆர்?”

“என் மனைவி.”

டாக்டர் கூரையைப் பார்த்தார். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். கப்பலில் வைத்து அது இறுகிக்கொண்டால் நடுக்கடலில் யார் வெட்டுவது என்று கேட்டார். அதற்குத் தகுந்த பதில் ஒன்றை இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். “வெள்ளிக்கிழமைக் கட்டில் வெறுமையாத்தான் கிடக்கு,” என்றார். யோகனின் கட்டில். அவனைக் காப்பாற்ற வந்து, அவனுக்குப் போட்ட பாயில் நானே ஏறிவிட்டேன்.

வெளியே கந்தையா காத்துக்கொண்டிருந்தார். யோகன் போய் ஏதோ சொன்னதும் பெரியவர் மேலே பார்த்துக் கும்பிட்டார். பிறகு என்னிடம் வந்து, சாதாரணமாக அவர் செய்யாத ஒரு காரியம் செய்தார். என் கையைப் பிடித்தார். “உங்களுக்கு எங்க தம்பி நோ?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். மிஸ்ஸி பக்கத்தில் நின்றாள். “அடிவயிற்றில் ஐயா,” என்றேன்.

ஆபரேஷனைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஊரில் நான் நன்றாகத் தூங்கியது அப்போது மட்டும்தான். விழித்தபோது கால்மாட்டில் தங்கராசா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் உடம்புக்காகக் கவலைப்படுகிறார் என்று நெகிழ்ந்துபோனேன்.

“ஞாயிற்றுக்கிழமை ஆர் மாஸ்டர் விசில் ஊதுறது?” என்றார்.

கிண்ணியாவிலும் இதே கேள்வி எரிந்துகொண்டிருந்ததாம். துறைமுக அணியின் முக்கிய ஆட்டக்காரனுக்கு வைத்தியம் பார்க்கப் போன நடுவர், ஆட்டத்துக்கு முன்னால் காணாமல் போனால் ஊர் என்ன நினைக்கும்? நல்லவேளையாக மஜீத் சனிக்கிழமை நேரில் வந்து, என் வயிற்றுக் கட்டைப் பார்த்து, “மெய்தான், வெட்டித்தான் இரிக்கு,” என்று சாட்சி சொல்லப் போனார். போகும்போது வட்டிலப்பம் என்ற இனிப்பு ஒரு பாத்திரம் வைத்துவிட்டுப் போனார். நான் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்று மிஸ்ஸி சொல்லிவிட்டாள். அந்த வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரர், இரண்டு கால்களும் மாவுக்கட்டில் இருந்தவர், அதை எனக்காகச் சாப்பிட்டார். ரசித்து, என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். இத்தனைக்கும் ஆஸ்பத்திரியில் ஒரு பைசா கேட்கவில்லை. நம் ஊரில் வாசலில் செருப்பை விடுவதற்கே தருமம் கொடுத்துப் பழகிய எனக்கு அதுவும் ஒரு அதிர்ச்சி.

ஞாயிறு பிற்பகல் ஜன்னல் வழியாக மைதானத்து இரைச்சல் வந்தது. யோகன் ஆட்டத்துக்குப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் கால் சும்மா கிடக்காது, எழும்பி ஓடிவிடுவேன் என்று சொல்லி, என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். கங்காணி அவனுக்குப் பெட்டிகளை எண்ணிக் குறிக்கிற வேலையைக் கொடுத்திருந்தார். ஆள் குணமாகி வரும்வரை இடம் அவனுக்குத்தான் என்றும் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை; என் போர்வையை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டிருந்தான்.

இரைச்சல் ஒருமுறை பெரிதாக எழுந்தது. “அது எங்கட சத்தம் இல்லை,” என்றான் யோகன். “அது கிண்ணியா.”

கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது. வெளியே சைக்கிள் மணிகள். வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் வந்தார். அரைக்கால்சட்டை, முழங்காலில் செம்மண், கழுத்தில் என் விசில். இரண்டு அணியிலும் அவர் கத்தி படாத குடும்பம் இல்லை என்பதால், அவரைத்தான் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டனவாம்.

“ஒண்டுக்குப் பூச்சியம், கிண்ணியா,” என்று மூச்சு வாங்கினார். “என்ர சைக்கிளையும் ஒருக்கா ஆராவது பாத்துக்கொள்ளுங்கோ.” பிறகு டாக்டராக மாறி என் கட்டிலருகே வந்தார். மிஸ்ஸியும் கூடவே வந்து நின்றாள். “சொல்லுங்கோ மாஸ்டர், இப்ப நோ எங்க இருக்கு?”

நான் வாயைத் திறந்தேன். ஆனால் அதற்கு முன்பே யோகன் எழுந்து நின்றுவிட்டான். மிஸ்ஸியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தான். கையைக் கட்டிக்கொண்டு, மாமனார் மாதிரியே தொண்டையைச் செருமினான்.

“மாஸ்டருக்கு டொக்டர்,” என்றான், “இடுப்புக்குள்ளை கொஞ்சம் நோ.”